கம்பஸ் நாளும் இயலாமையும்: உதவியை ஏற்பாடாக மாற்றுவது எப்படி?

செயற்கைக் கால் பொருத்திய ஒரு மாணவி கம்பஸுக்கு வருகிறார் என்று வையுங்கள். முதல் அரையாண்டில் எல்லா விரிவுரைகளும் கீழ்த்தளத்தில். மற்றவர்களைப் போலவே வந்து, குறிப்பெடுத்து, கன்டீனில் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார். அடுத்த அரையாண்டில் ஒரு பாடம் இரண்டாம் மாடிக்குப் போகிறது. மின்தூக்கி இல்லை. நாளுக்கு நாலு தடவை ஏறி இறங்கியதில் செயற்கைக் கால் அழுத்தும் இடத்தில் தோல் உரிந்து, ஒரு கிழமை விடுதியில் படுத்துவிடுகிறார். வரவு குறைகிறது, பரீட்சைக்கு இருக்க முடியுமா என்ற கேள்வி வருகிறது. அவருடைய காலில் எந்த மாற்றமும் நடக்கவில்லை. நேரசூசி போட்டவர் ஒரு மண்டபத்தின் பெயரை மாற்றினார், அவ்வளவுதான்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டது. இலங்கை அதை 2016 பெப்ரவரியில் ஏற்புறுதி செய்தது. உடல், உளம், அறிவாற்றல், புலன் ஆகியவற்றில் நீண்டகாலக் குறைபாடு உள்ள ஒருவர் சுற்றியிருக்கும் தடைகளோடு மோதும்போது, மற்றவர்களுக்குச் சமமாகப் பங்குகொள்ள முடியாமல் போகலாம். இயலாமை பற்றி அந்தச் சமவாயம் சொல்வது இதைத்தான். ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: உடம்பில் என்ன, வழியில் என்ன. முதலாவது வைத்தியரின் வேலை. இரண்டாவது கம்பஸில் இருக்கும் எல்லாருடைய வேலையும். இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பு, அட்டாளைச்சேனைக் கல்வியியற் கல்லூரிகளிலும், தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் படிப்பவர்களுக்கும், அவர்களோடு ஒரே பெட்ச்சில் இருப்பவர்களுக்கும், படிப்பிப்பவர்களுக்கும் எழுதப்பட்டது.

முழுவதும் ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டே போகும்: உதவி வேறு, ஏற்பாடு வேறு. நாலு நண்பர்கள் சக்கர நாற்காலியைத் தூக்கி மாடியேற்றுவது உதவி. அந்த நாலு பேருக்கும் ஒரு நாள் வேறு வேலை வந்தால் அன்றைய விரிவுரை போய்விடும். பாடத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவது ஏற்பாடு. யார் வந்தாலும் வராவிட்டாலும் அது இருக்கும். எங்கள் ஊர்களில் உதவி நிறையக் கிடைக்கிறது, அதற்குக் குறைவில்லை. ஏற்பாடுதான் போதாது. உதவியிலேயே நாலு வருடம் ஓட்டும் மாணவர் எல்லாருக்கும் நன்றிக்கடன் பட்டவராக, எதையும் மறுத்துச் சொல்ல முடியாதவராக ஆகிவிடுகிறார்.

யாரெல்லாம் இதில் அடங்குவார்கள்?

"ஆளைப் பாத்தா ஒண்டுமில்லையே" என்ற பேச்சு அடிக்கடி வரும். 2012 குடிசன மதிப்பீட்டில் கேட்கப்பட்ட ஆறு கேள்விகளை வைத்துப் பார்த்தால் அந்தப் பேச்சு நின்றுவிடும். கண்ணாடி போட்டும் பார்க்கக் கடினமா, கருவி வைத்தும் கேட்கக் கடினமா, நடக்க, படியேறக் கடினமா, நினைவில் வைக்க, கவனம் குவிக்கக் கடினமா, குளிக்க, உடுக்கக் கடினமா, மற்றவர்களோடு கதைத்து விளங்கிக்கொள்ளக் கடினமா என்பவை அவை. இந்த முறையில் பதில்கள் நான்கு படியாக இருக்கும்: கடினமில்லை, சற்றுக் கடினம், மிகக் கடினம், முடியவே முடியாது. அந்தக் கணக்கெடுப்பில் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 வீதத்தினருக்கு ஏதாவது ஒரு கடினம் இருந்தது.

கம்பஸில் "முடியவே முடியாது" என்பவரை எல்லாரும் காண்கிறார்கள். "சற்றுக் கடினம்", "மிகக் கடினம்" என்பவர்கள் பின்வரிசையில் ஒதுங்கியிருப்பார்கள். ஒரு காது மட்டும் கேட்பவர், மாலையானால் பார்வை மங்குபவர், எழுத்துக் கூட்டி வாசிக்க மற்றவர்களை விட மூன்று மடங்கு நேரம் எடுப்பவர், திக்கிப் பேசுபவர். வலிப்பு, இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு, மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டிய நோய், மனச்சோர்வு போன்றவை அந்த ஆறு கேள்விக்குள் நேராக விழாது. ஆனால் படிப்பை மறிப்பதில் அவை குறைந்தவையல்ல.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் ஊன்றுகோலோடு ஒருவரைக் கண்டால் சண்டைக் காலத்துக் காயம் என்றோ சுனாமியில் பட்டது என்றோ ஊர் முடிவுகட்டிவிடும். இன்று முதலாம் வருடத்துக்கு வருபவர்கள் 2004 சுனாமியை அண்டியோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள். பிறவியிலேயே வந்தது, காய்ச்சலுக்குப் பிறகு வந்தது, மோட்டார் சைக்கிள் விபத்தில் வந்தது என்று காரணம் பலவாக இருக்கும். காரணத்தைத் தோண்டிக் கேட்காதீர்கள். முதல் சந்திப்பிலேயே "இது எப்பிடி வந்தது?" என்று ஆயிரம் பேர் கேட்டு அவர் அலுத்திருப்பார். கேட்க வேண்டியது, "எந்த இடத்தில கஷ்டமா இருக்கு?" என்பதை மட்டும்.

ஒரு நாளைக் காலையிலிருந்து எழுதுங்கள்

இயலாமை உள்ள மாணவர் செய்ய வேண்டிய முதல் வேலை இது. உற்ற நண்பர் ஒருவரோடு சேர்ந்து செய்தால் நல்லது. ஒரு கொப்பியில் ஒரு முழு நாளை மணிக்கணக்காக எழுதுங்கள். எழும்பியது, குளித்தது, பஸ், வாசல், முதல் விரிவுரை, மலசலகூடம், நூலகம், சாப்பாடு, ஆய்வுகூடம், திரும்பிப் போனது, இரவுப் படிப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைப் போடுங்கள்: தனியே முடிகிறது, ஆள் இருந்தால் முடிகிறது, முடியவில்லை. நடுவில் இருக்கும் "ஆள் இருந்தால்" என்ற வரிகள்தான் முக்கியம். அவை உதவியில் ஓடுகின்றன, நாளைக்கே நின்றுபோகலாம். ஒரு கிழமை எழுதினால் எது அன்றாடம் வருகிறது என்பது தானாகத் தெரியும். அந்த இரண்டு மூன்று இடங்களை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இருபது கோரிக்கையோடு போனால் ஒன்றும் நடக்காது.

பயணத்தில் பஸ்ஸின் முதல் மிதிபடிதான் பெரிய தடை. நிலத்திலிருந்து உயரம் கூட. "கெதியா, கெதியா" என்ற சத்தத்தோடு பஸ் நகரத் தொடங்கிவிடும். நாளாந்தம் போய்வருபவர் ஒரே நேரத்து பஸ்ஸைப் பழக்கப்படுத்திக்கொண்டு, நடத்துநரிடம் ஒரு தரம் நேரே சொல்லிவைப்பது பலன் தரும்: "அண்ணன், நான் ஏறி முடியும் வரைக்கும் பஸ்ஸ எடுக்காதீங்க, கையப் பிடிக்கத் தேவையில்ல." என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று இரண்டையும் சொன்னால் ஆட்கள் தடுமாற மாட்டார்கள். சக்கர நாற்காலி என்றால் ஓட்டோதான் வழி. ஒவ்வொரு நாளும் விலை பேசாமல் ஒரே ஓட்டோக்காரரோடு மாதக் கணக்கில் பேசுங்கள். மடித்த நாற்காலி பின்னிருக்கைக்கு முன்னால் கொள்ளுமா என்று முதலிலேயே ஏற்றிப் பாருங்கள்.

மணல் எங்கள் கரையோரத்தின் தனிப் பிரச்சினை. சக்கர நாற்காலியின் முன் சில்லு சின்னது, மணலில் உடனே புதையும். தள்ளுபவர் இன்னும் பலமாகத் தள்ளினால் ஆள் முன்னால் விழுவார். நாற்காலியைத் திருப்பிப் பின்புறமாக இழுத்தால் பெரிய சில்லு மணலில் மிதந்து வரும். இருப்பவரிடம் சொல்லிவிட்டுத் திருப்புங்கள். கடற்காற்றில் உப்பும் மணலும் சேர்ந்து முன் சில்லின் பெயாரிங்கைத் தின்றுவிடும். கிழமைக்கு ஒருமுறை சில்லில் சுற்றிய நூல், முடியை எடுத்து, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். ஊன்றுகோலின் அடியில் இருக்கும் இறப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்தவுடன் மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில், அதாவது எங்களுக்கு ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை, ஈரத் தரையோட்டில் தேய்ந்த இறப்பர் சறுக்கி விழுத்தும்.

சாய்தளம் கட்டிவிட்டோம் என்று சொல்லும் இடத்தில் அளவுநாடாவைக் கொண்டுபோங்கள். 1 பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் வேண்டும். 15 சென்ரிமீற்றர் உயரப் படி ஒன்றுக்கு 1.8 மீற்றர் சாய்தளம். அப்படி மூன்று படி இருந்தால் 45 சென்ரிமீற்றருக்கு 5.4 மீற்றர். இடமில்லை என்று அதே மூன்று படிக்கு 2 மீற்றரில் கட்டினால் யாரும் தனியே ஏற முடியாது, ஏற முயன்றால் நாற்காலி பின்னால் குடைசாயும். மேலே கதவுக்கு முன்னால் 1.5 மீற்றர் சமதளம் இல்லாவிட்டால் கதவைத் திறக்கக் கையை விட்டதும் நாற்காலி கீழே உருளும். கதவின் உள் அகலம் 80 முதல் 90 சென்ரிமீற்றர். பளபளப்பான தரை ஓடு பதிக்கக்கூடாது, சொரசொரப்பான சீமெந்து போதும். இவ்வளவும் சரியாக இருந்தும் சாய்தளத்தின் அடியில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்திவிடுவார்கள், அல்லது அது நேரே திறந்த கானில் போய் முடியும். கான் மூடியில் ஒரு விரல் பருமனுக்கு மேல் இடைவெளி இருந்தால் முன் சில்லு மாட்டிக்கொள்ளும்.

மலசலகூடத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் இங்கே சற்று நீளமாகச் சொல்கிறோம். போக வசதியான இடம் இல்லாத மாணவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். எங்கள் வெயிலில் அப்படி இருந்தால் தலையிடி, மயக்கம், பிறகு சிறுநீர்த் தொற்று. முள்ளந்தண்டுக் காயம் உள்ளவர்கள் பலர் 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை குழாய் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டியவர்கள். அவர்களுக்குப் பூட்டக்கூடிய, சுத்தமான, கை கழுவத் தண்ணீர் வரும் அறை மருந்துக்குச் சமம். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே விழுந்தவரை உள்ளே தள்ளும் கதவால் எடுக்க முடியாது. உள்ளே 1.5 மீற்றர் திரும்பும் இடம், 45 சென்ரிமீற்றரை ஒட்டிய உயரத்தில் கொமட், சுவரில் இறுக்கிய பிடிகம்பி, இருந்தபடியே எட்டும் தண்ணீர்க் குழாய். புதிதாகக் கட்டும் வரை காத்திருக்க முடியாது என்றால் கீழ்த்தளத்தில் ஒன்றை ஒதுக்கி, பிடிகம்பி பொருத்தி, சாவியின் ஒரு பிரதியை மாணவரிடமே கொடுத்துவிடலாம். சாவி அலுவலகத்தில் இருந்தால் மதிய உணவு வேளையில் அலுவலகமும் பூட்டிக்கிடக்கும்.

பாடத்தைக் கைக்கு எட்டச் செய்வது

பார்வையற்ற மாணவர்கள் கணினியிலும் போனிலும் திரைவாசிப்பான், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் மென்பொருள், வைத்துப் படிக்கிறார்கள். விண்டோஸுக்கு என்விடிஏ இலவசம், அதோடு வரும் குரலில் தமிழும் உண்டு. அன்ட்ரொய்ட் போனில் டோக்பேக்கும் கூகுளின் தமிழ்க் குரலும் காதுக்கு இன்னும் தெளிவு. மென்பொருள் இருந்தும் பாடம் எட்டாமல் போவது பெரும்பாலும் கோப்பினால்தான். இலங்கையில் விரிவுரைக் குறிப்புகள் பல இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டப்படுகின்றன. கண்ணுக்கு அது தமிழ். கணினிக்கு அது ஆங்கில எழுத்து. பாமினியில் தட்டிய "அம்மா" என்ற சொல்லைத் திரைவாசிப்பான் எம், கே, செமிகோலன், கே, எச் என்றுதான் எடுத்துக்கொள்ளும். நாற்பது பக்கக் குறிப்பும் அப்படியே என்றால் அந்த மாணவருக்குக் குறிப்பே கிடைக்கவில்லை என்று அர்த்தம். இணையத்தில் இருக்கும் எழுத்துரு மாற்றிகளில் ஒட்டினால் யுனிகோட் ஆகிவிடும், அதாவது கணினியும் தமிழாகவே அறியும் எழுத்தாகிவிடும். ஆனால் இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவையும் தமிழாக மாறிக் குப்பையாகும், அவற்றைக் கையால் திருத்த வேண்டும். இனித் தட்டுவதை யுனிகோடில் தட்டுவதுதான் நிரந்தரத் தீர்வு.

அடுத்த சிக்கல் ஸ்கேன் செய்த பிடிஎப். அது பக்கத்தின் படம், அதற்குள் எழுத்து இல்லை. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டொக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தாகப் பிரித்துத் தரும். பக்கம் சரிந்திருந்தால், நிழல் விழுந்திருந்தால், இரண்டு பத்தியாக அச்சிட்டிருந்தால் குழப்பும். பெட்ச்சில் ஆளுக்குப் பத்துப் பக்கம் பிரித்துத் திருத்தினால் ஒரு புத்தகம் சில நாளில் முடியும். கையெழுத்துக் குறிப்புக்கு இந்த வழி சரிவராது, வாசித்துப் பதிவுசெய்யுங்கள். பதிவில் ஒவ்வொரு பக்கமும் தொடங்கும்போது பக்க எண்ணைச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் ஒப்படையில் மேற்கோள் காட்ட முடியாமல் அவர் நிற்பார். வட்ஸ்அப் குழுவில் அறிவித்தலைப் போட்டோ எடுத்துப் போடுபவர்கள் கீழே இரண்டு வரி தட்டியும் போடுங்கள். விரிவுரை ரத்தானது தெரியாமல் விடியற்காலை பஸ் ஏறி வருபவர் பெரும்பாலும் அந்தப் படத்தை வாசிக்க முடியாதவர்தான்.

குறைபார்வை உள்ளவர்களுக்கு ஏ4 தாளை ஏ3 ஆகப் பெரிதாக்கினால் 141 வீதம். 12 புள்ளி எழுத்து 17 ஆகும், பலருக்கு அது போதாது. மூலக் கோப்பிலேயே 18 அல்லது 20 புள்ளியாக மாற்றி அச்சிட்டால் செலவும் குறைவு, தெளிவும் கூட. போட்டோப்பிரதியின் போட்டோப்பிரதியைக் கொடுக்கவே வேண்டாம். ஜன்னலுக்கு நேரே இருக்கும் இருக்கை அவர்களுக்குக் கண்கூசும். விரிவுரையாளர்கள் பலகையைக் காட்டி "இதை இங்க போட்டா அது வரும்" என்று சொல்லாமல், எழுதுவதை வாயாலும் சொன்னால் பார்வையற்றவருக்கும் பின்வரிசைக்கும் ஒரே நேரத்தில் விளங்கும்.

கேட்டல் குறைவு வேறு மாதிரி. செவிப்புலக் கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும், தலைக்கு மேலே சுற்றும் காற்றாடியையும் சேர்த்து. காற்றாடிக்குக் கீழே இருக்காதீர்கள். வலது காது கேட்காதவர் முன்வரிசையில் வலப்பக்க ஓரமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கேட்கும் இடது காது வகுப்பின் பக்கம் இருக்கும். இதை மாறிச் செய்து, சுவரைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. உதடு பார்த்து விளங்குபவருக்கு விரிவுரையாளர் பலகைப் பக்கம் திரும்பிப் பேசும் ஒவ்வொரு வசனமும் இழப்பு. கூகுளின் குரல் தட்டச்சில் இலங்கைத் தமிழும் இருக்கிறது. மைக்கை விரிவுரையாளருக்குக் கிட்ட வைத்தால் ஓரளவு எழுத்தாக வரும், கலைச்சொல்லும் ஆங்கிலமும் கலந்தால் பிழைக்கும். எங்கள் வியர்வையும் ஈரக்காற்றும் கருவிக்கு எதிரி. இரவில் கழற்றி, பற்றறிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான போத்தலில் வையுங்கள்.

பரீட்சை

கூடுதல் நேரம், தனி அறை போன்ற ஏற்பாடுகள் கடைசி நேரத்தில் கேட்டால் கிடைக்காது. அரையாண்டு தொடங்கிய முதல் இரண்டு கிழமைக்குள் எழுத்தில் கொடுங்கள், பரீட்சைக்கு இரண்டு கிழமை முன்பு அறை, ஆள், நேரம் மூன்றையும் உறுதிப்படுத்துங்கள். மணிக்கு 15 நிமிடம் கூடுதல் என்று அனுமதி கிடைத்தால் 3 மணித்தியாலத் தாளுக்கு 45 நிமிடம். இதைக் கணக்குப் போட்டுக் கடிதத்திலேயே எழுதினால் மண்டபத்தில் விவாதம் வராது.

தானே எழுத முடியாதவருக்குச் சொல்லச் சொல்ல எழுதுபவரைத் தேர்வது நுணுக்கமான வேலை. அதே பாடம் படிக்கும் பெட்ச் நண்பர் கூடாது, சந்தேகம் வரும். பாடமே தெரியாதவர் என்றால் கலைச்சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்வதிலேயே நேரம் போகும், ஆங்கில மொழிமூலம் என்றால் இன்னும் மோசம். வேறு துறையில், அதே மொழியில் படிக்கும் கனிஷ்ட மாணவர் பொருத்தமாக இருப்பார். பரீட்சைக்கு முன் இரண்டு பழைய தாள்களை நேரம் வைத்து இருவரும் செய்துபாருங்கள். பந்தி எங்கே பிரிப்பது, அடிக்கோடு எப்போது, வரைபடத்தை எப்படிச் சொல்வது என்பதெல்லாம் அதில்தான் பிடிபடும். சத்தமாகச் சொல்ல வேண்டியிருப்பதால் தனி அறை கட்டாயம். நோக்குநர் மண்டபத்தில் வாயால் சொல்லும் திருத்தங்கள் தனி அறைக்குப் போய்ச் சேராது, கேட்காதவருக்கும் சேராது. அவற்றைப் பலகையில் எழுதி, தனி அறைக்கும் ஆள் அனுப்ப வேண்டும். இன்சுலின் போடுபவர் குளுக்கோஸ் கொண்டுவர, வெளியே போய்வர முன்கூட்டியே அனுமதி எடுங்கள். கை நடுங்கத் தொடங்கிய பிறகு நோக்குநருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

கண்ணுக்குத் தெரியாதவை

வலிப்பு உள்ளவர்கள், அதிலும் பெண்பிள்ளைகள், சம்பந்தம் வராது என்ற பயத்தில் வீட்டாரால் மறைக்கச் சொல்லி அனுப்பப்படுகிறார்கள். விடுதியில் ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது ஆபத்து. அறைத்தோழி ஒருவருக்கும் விடுதிப் பொறுப்பாளருக்கும் மட்டுமாவது சொல்லிவையுங்கள். வலிப்பு வந்தால் செய்ய வேண்டியது: நேரத்தைப் பாருங்கள், தலைக்குக் கீழே துணி வையுங்கள், பக்கத்தில் இருக்கும் கதிரை மேசையை நகர்த்துங்கள், இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் பயனில்லை. வாய்க்குள் கரண்டி வைத்தால் பல் உடையும், மூச்சடைக்கும். 5 நிமிடம் தாண்டினால், அல்லது அடுத்தடுத்து வந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள். நித்திரை முழிப்பும் மாத்திரை தவறுவதும் வலிப்பைக் கொண்டுவரும். பரீட்சைக் காலத்தில் இரவிரவாகப் படிப்பது அவர்களுக்குச் சரிவராது.

இன்சுலினில் திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். விடுதியில் குளிர்சாதனப்பெட்டி இல்லை என்றால் கன்டீன் அல்லது மருத்துவ நிலையத்தின் பெட்டியில் ஒரு மூலையைக் கேட்டு எடுங்கள், பனிக்கட்டி அறைக்குள் போடவேண்டாம். பாவிக்கும் குப்பியை ஈரமணல் போட்ட மண்பானைக்குள் வைத்தால் எங்கள் வெயிலில் தப்பும்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குக் காலையில் கண் திறப்பதே பாடாக இருக்கும். காலை 8 மணி விரிவுரையைத் தவறவிடுபவரைச் சோம்பேறி என்று எழுதிவிடாதீர்கள். பல பீடங்களில் 80 வீத வரவு கேட்பதால், நோய் கூடிய நாட்களுக்கான வைத்தியச் சான்றிதழை உரிய திகதிக்குள் கொடுப்பது மாணவரின் படிப்பையே காப்பாற்றும். சுகமில்லாத ஆளால் அந்த ஓட்டம் ஓட முடியாது, நண்பர் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுக்கட்டும். அவசரமாகக் கதைக்க வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது. ஏறி இறங்கும் நோய்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குற்றச்சாட்டு உண்டு: "நேத்து நல்லாத்தானே நடந்தாய்?" நேற்று நடந்த விலையை அவர் இன்று கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

கடிதம்

எல்லாம் இங்கேதான் வந்து சேரும். முதலில் வைத்தியச் சான்றிதழ். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ கல்முனை, அம்பாறை வைத்தியசாலைகளிலோ கிளினிக் காட்டுபவர் ஒரு மாதம் முன்பே கேளுங்கள். நோயின் பெயர் மட்டும் இருந்தால் அலுவலகத்துக்கு ஒன்றும் விளங்காது. என்ன செய்ய முடியாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்: "18 புள்ளிக்குக் குறைந்த எழுத்தை வாசிக்க இயலாது", "தொடர்ந்து 20 நிமிடத்துக்கு மேல் எழுத இயலாது". நிரந்தரமானது என்றால் அதையும் சேர்த்து எழுதுவித்தால் ஒவ்வொரு அரையாண்டும் வரிசையில் நிற்கத் தேவையில்லை.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. இப்படி இருக்கலாம்: "எனது வலது கையால் எழுத முடியாது. இடது கையால் ஒரு மணித்தியாலத்தில் சுமார் இரண்டு பக்கம் எழுதுவேன். ஆகவே இந்த அரையாண்டுப் பரீட்சைக்கு ஒவ்வொரு தாளுக்கும் மணிக்கு 15 நிமிட மேலதிக நேரமும், கீழ்த்தளத்தில் ஆசனமும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வைத்தியச் சான்றிதழ் இணைக்கப்பட்டுள்ளது." பரிதாபமாக எழுதவேண்டாம், வீட்டு வறுமையை இழுக்கவேண்டாம். துறைத்தலைவர் மூலம் பீடாதிபதிக்கு அனுப்பி, மாணவர் ஆலோசகர், பரீட்சைப் பிரிவு, மருத்துவ அதிகாரி, விடுதிப் பொறுப்பாளர் ஆகியோருக்குப் பிரதி போடுங்கள். உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். வாயால் "பாப்பம், செய்வம்" என்று சொன்ன பதில் அலுவலர் மாறியதும் காணாமல் போகும்.

பின்னால் சட்டம் இருக்கிறது. அரசியலமைப்பின் 12(4) உறுப்புரை மாற்றுத்திறனாளிகளுக்கு விசேட ஏற்பாடு செய்ய இடம் தருகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டி கல்வி நிறுவன அனுமதியில் பாரபட்சம் காட்டுவதையும் பொது இடங்களுக்கு வருவதை மறிப்பதையும் தடுக்கிறது. கட்டடங்களுக்கான அணுகல் ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வந்தன. ஒருவரின் நடையை, பேச்சைப் பார்த்துப் பகிடிவதை செய்தால் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பாயும். பதில் வராவிட்டால் இரண்டு கிழமையில் நினைவூட்டல். அதற்கும் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் என்ன முடிவெடுக்கப்பட்டது என்று கேட்கலாம், தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன.

பெட்ச் நண்பர்களுக்கு

பார்வையற்றவரைக் கூட்டிப் போகும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடிக்கட்டும், நீங்கள் அரையடி முன்னால் நடங்கள், "படி, ஏறுது" என்று ஒரு சொல் சொல்லுங்கள். குரலைக் கேட்டு "நான் ஆரு, சொல்லுங்க பாப்பம்" என்ற விளையாட்டை விடுங்கள், பெயரைச் சொல்லிக்கொண்டு வாருங்கள், போகும்போது போகிறேன் என்றும் சொல்லுங்கள். கூட வந்தவரிடம் "அவருக்கு தேத்தண்ணி வேணுமா?" என்று கேட்காமல் அவரிடமே கேளுங்கள்.

மிகப் பெரிய தீங்கு மிக அன்பான வசனத்தில் வருகிறது: "நீங்க வெளிக்கள வேலைக்கு வராதீங்க தங்கச்சி, உங்கட பேரையும் போட்டு விடுறம்." புள்ளி கிடைக்கும், தொழில் வராது. நேர்முகத் தேர்வில் அந்த வேலையைப் பற்றிக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? மட்டக்களப்புச் சந்தையில் நேர்காணல் எடுக்கும் ஒப்படை என்றால் ஒருவர் அலைந்து திரியலாம், இன்னொருவர் நிழலில் இருந்து போனில் நேர்காணல் எடுக்கலாம், தரவைப் பதியலாம், அறிக்கையை எழுதலாம். எந்தப் பங்கு என்று அவரே எடுக்கட்டும்.

கிடைத்த அனுமதிக் கடிதங்கள், அளவுகள், யுனிகோடாக மாற்றிய குறிப்புகள், ஒலிப்பதிவுகள் எல்லாவற்றையும் துறை வாரியாக ஒரு டிரைவ் கோப்புறையில் போட்டு, அடுத்த பெட்ச்சில் வரும் மாணவரிடம் ஒப்படையுங்கள். சான்றிதழ் போன்ற தனிப்பட்ட ஆவணங்களையும் பெயர்களையும் எடுத்துவிடுங்கள். "இந்தப் பீடத்தில் போன வருடம் 45 நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள், சேர்" என்று கடிதத்தோடு காட்டக்கூடிய மாணவருக்கு, முதல் ஆளுக்கு மாதக்கணக்கில் எடுத்த வேலை ஒரு கிழமையில் முடியும்.